காய்ச்சிக் குடிங்க, கவலைய விடுங்க

அவருடைய சொந்தப் பெயர் அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஊரில் அவரை மைக்செட்டு என்றால்தான் தெரியும். குடிநீர் அலுவலகத்து வேனின் கூரைமேல் இரண்டு கூம்பு ஸ்பீக்கர். உள்ளே, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவர். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் கோலம். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தக் குழாய் உடைந்தது, எந்தத் தொட்டியைக் கழுவுகிறார்கள், எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊர் நம்பும். அதற்குள் அதிகாரிகள் எத்தனையோ பேர் மாறினார்கள். வேன்கூட மூன்று மாறிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

ஆள் பார்க்க ஒடிசல். ஊதினால் விழுந்துவிடுவார் போல இருப்பார். வாயைத் திறந்தாரோ, அடுப்படியில் நிற்கிறவள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவாள். ஒரு வருஷம் ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு வந்து வீட்டுக்கு ஒருத்தர் படுத்தபோது, வேனில் போகப்போகவே ஒரு வரியைக் கட்டினார். "காய்ச்சிக் குடிங்க, கவலைய விடுங்க!" அவ்வளவுதான். ஊர் பிடித்துக்கொண்டது. காய்ச்சிக் குடித்தது. வயிறும் அடங்கியது. அதிலிருந்து எந்த அறிவிப்பானாலும் கடைசியில் அந்த வால் ஒட்டிக்கொண்டே வரும். குழாய் பழுது என்றாலும் வால், மோட்டார் ரிப்பேர் என்றாலும் வால். காணாமல் போன ஆடு ஒன்றைப் பற்றிச் சொன்னபோதுகூட வாய் பழக்கத்தில் அதை ஒட்டிவிட்டார். "என் ஆட்டைக் கண்டுபிடிச்சாக் காய்ச்சிக் குடிக்கச் சொல்றியா?" என்று ஆட்டுக்காரர் அலுவலக வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். ஊரே சிரித்தது. மைக்செட்டும்தான் சிரித்தார்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்தது. உரக் கிடங்குக்குப் பின்னால் மூன்று தெருக்கள். கிடங்குக்குள் முழங்கால் அளவு வெள்ளம் நின்று, மூட்டைகள் ஊறி, எல்லாம் தரைக்குள் இறங்கியது. அந்தத் தெருக்களின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் ஆய்வாளர் அம்மாள் புட்டிபுட்டியாகப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, இருபது நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் முடிவு வந்தது. மேலதிகாரி ஒரு தாளை அடித்துக் கையெழுத்துப் போட்டு மைக்செட்டிடம் அனுப்பினார்.

"மேற்படி தெருக்களின் நிலத்தடி நீரில் நைட்ரேட் செறிவு அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சியுள்ளபடியால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்நீரைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது."

அதை மைக்செட்டு இரண்டு தடவை படித்தார். "இதை இப்படியே சொன்னா நாய்கூடத் திரும்பிப் பாக்காது" என்றார். ஆபீஸ் பாஷையை ஊர்ப் பேச்சாக மாற்றுவதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அலுவலகத்துச் சாமான் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு செய்ய உட்கார்ந்தார். இப்போதெல்லாம் முன்போல நாள் முழுக்கக் கத்துவதில்லை. ஒரு தடவை பேசிப் பென்டிரைவில் ஏற்றிவிட்டால் வேன் அதுபாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போகும்.

"அன்பான தாய்மார்களே! கிடங்குக்குப் பின்னாடி மூணு தெருவுலயும் கிணத்துத் தண்ணியில கெட்ட உப்பு கலந்திருக்கு. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியக் குடுக்காதீங்க. காலையில முனைக்கு லாரித் தண்ணி வருது, பிடிச்சு வச்சுக்குங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு தானாக வந்தது. "காய்ச்சிக் குடிங்க, கவலைய விடுங்க!"

டிரைவர் கதவோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். "தாள்ல காய்ச்சச் சொல்லலையேண்ணே?"

"சமைக்கிறவன் உப்புப் போடறதை எழுதி வச்சுக்கிட்டா போடறான்? காய்ச்சினா யாருக்கு என்னடா கெடுதல்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டா சும்மா இரு. வண்டிய எடு."

அந்த மூன்று தெருக்களில் நடுத்தெருவில்தான் அவருடைய மகள் இருந்தாள். ஒரே மகள். தாய் இல்லாமல் வளர்ந்தவள். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பான். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைத்துக்கொடுத்தாள். ஒரு அறை, ஒரு அடுப்படி. மிஷினுக்குப் பக்கத்தில் காலர் கட்டு, அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் ஐம்பத்திரண்டு நாள் பிள்ளை. தாய்ப்பால் சரியாக ஊறவில்லை. டாக்டர் பால்பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார். அதை அவள் கலக்கும் பத்திரம் இருக்கிறதே, மருந்துக்கடைக்காரன் தோற்றான். ஸ்பூனைச் சமமாக வழித்து, புட்டியை வெந்நீரில் போட்டு, நிப்பிளைத் தனியாக மூடி வைப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைக்செட்டு அங்கே போய்விடுவார். பேரனை மடியில் போட்டுக்கொண்டு, ஊருக்குச் சொல்வதையெல்லாம் அவனுக்கும் சொல்வார். "அன்பான ஐயா! இன்று மாலை நாலு மணிக்குத் தங்கள் தெருவில் மூச்சா வரும்!" பிள்ளை கண்ணை அகட்டிப் பார்க்கும்.

"வேன் தெரு முனையில திரும்பும்போதே இவன் தலையைத் திருப்புறாம்பா" என்றாள் மகள். "மிஷின் சத்தத்துல எனக்கே கேக்காது. இவனுக்குக் கேக்குது."

"யாரு பேரன்!"

"போதும், நாளைக்கே வேலைக்குச் சேத்துவிட்டுடாதீங்க."

"லாரித் தண்ணி பிடிச்சியாம்மா?"

"எங்கப்பா பிடிக்கறது? நேத்தும் முந்தாநேத்தும் லாரி வரலையே. அதனால என்ன, கிணத்துத் தண்ணியத்தான் எடுத்து, நீங்க சொன்னீங்களேன்னு ரெண்டு தடவை காய்ச்சிட்டேன். ஒரு குண்டாத் தண்ணி பாதிக் குண்டாவா வத்துற வரைக்கும் விடலையே!"

"அப்படித்தான் இருக்கணும். நீ என் பொண்ணு" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

அதற்கடுத்த நாலைந்து நாள், லாரி வந்தபோதும், காய்ச்சிய தண்ணீரே போதும் என்று அவள் அதிலேயே பால் கலந்தாள். பிறகு பிள்ளையின் உதட்டோரம் ஒரு மாதிரி நீலம் பாய்ந்தது. வாடைக்குத்தான் என்று மகள் துணியை இழுத்துச் சுற்றினாள். மறுநாள் விரல்நகம் கறுத்தது. பால் குடிக்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. வாரிச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கிருந்து போன் வந்து மைக்செட்டு ஓடினார். வேன் நிற்கக் கூடாது என்பதால் டிரைவர் மட்டும் பதிவைப் போட்டபடி சுற்றப் போனான்.

இரண்டாம் மாடியில் டாக்டர் அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு சிரிஞ்சு. உள்ளே ரத்தம் காப்பி நிறத்தில் இருந்தது.

"இது உங்க பேரன் ரத்தம். சிவப்பா இருக்கணும். காத்தைச் சுமக்க மாட்டேங்குது. ஊசி போட்டிருக்கோம், ஆனா ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்க. பாலை எந்தத் தண்ணியில கலந்தாங்க?"

"கிணத்துத் தண்ணிங்க. ஆனா நல்லாக் காய்ச்சித்தான். ரெண்டு தடவை."

டாக்டர் சிரிஞ்சைக் கீழே இறக்கினார். "நைட்ரேட்டுனு சொல்லலையா உங்களுக்கு?"

"சொன்னாங்க. கெட்ட உப்புன்னு…"

"உப்புன்னு தெரிஞ்சும் காய்ச்சினீங்களா? கிருமின்னா சூட்டுல செத்துரும். உப்பு எங்கய்யா போகும்? தண்ணி வத்த வத்த உப்பு கூடத்தான செய்யும். அடுப்புல எதை வத்த விட்டாலும் கரிக்கும்னு எல்லாருக்கும் தெரியுமே!"

தெரியும். எல்லாருக்கும் தெரியும். மனைவி போனபின் பத்து வருஷம் மகளுக்குச் சமைத்துப் போட்டவருக்குத் தெரியாதா? வாயில் ஒரு வரி பழகிவிட்டதால் கைக்குத் தெரிந்தது மறந்துபோயிற்று.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே, கீழே ரோட்டில், அது வந்தது. வேன் மெதுவாக ஊர்ந்து கொண்டிருந்தது. "…பிடிச்சு வச்சுக்குங்க. காய்ச்சிக் குடிங்க, கவலைய விடுங்க!" டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். அந்தக் குரலும் இந்தக் குரலும் ஒன்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மைக்செட்டு படியில் ஓடினார். செருப்பு எங்கோ விழுந்தது. வேனுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். டிரைவர் மிதித்து நிறுத்தினான். கதவைத் திறந்து, பென்டிரைவைப் பிடுங்கி எடுத்தார்.

"என்னண்ணே? பிள்ளை எப்படி இருக்கு? அண்ணே!"

ஊரையே வாசலுக்கு இழுத்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

பிள்ளை அன்று மாலை நாலு மணிக்குப் போய்விட்டது.

மகளிடம் டாக்டர், ரத்தத்தில் காற்று ஏறவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார். அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பேசி, கடைசியில் பிறவிக் கோளாறு என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். மருமகன் ராத்திரியும் பகலுமாக லாரி ஓட்டி வந்து, மூலையில் உட்கார்ந்து, பால்பவுடர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிறவியிலயே அப்படியாம் மாமா?" என்று கேட்டான். மைக்செட்டு தலையை ஆட்டினார். ஒரே ஒரு ஆட்டு. நாலாம் நாள் லாரிக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், அவன் போனான்.

ஆறாம் நாள் ஆய்வாளர் அம்மாள் பயிற்சி முடிந்து வந்தாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் அந்த மூன்று தெருவையும் சுற்றிவிட்டு, சாமான் அறைக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் போன் பண்ணினாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க."

"நீங்க என்ன மேடம் சொல்லணும். நான் போட்ட வரி."

"காய்ச்சாதீங்கன்னு தாள்ல ஒரு வார்த்தை இல்லை. நான் இருந்திருந்தா எழுதியிருப்பேன். லாரியும் ரெண்டு நாள் வராம விட்டிருக்காங்க. எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு."

"பங்கு போட்டா குறையுமா மேடம்?"

அவள் குனிந்துகொண்டாள். "அந்த மூணு தெருவுல புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைங்க இன்னும் நாலு இருக்கு" என்றாள். "போன்லயே சொல்லி நோட்டீஸ் அடிச்சுக் குடுக்க வச்சேன், அதுல வடை மடிச்சுக் குடுக்கறாங்க. இப்ப நேர்ல போனா, சரிங்க மேடம்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கறாங்க. உங்க குரல்தான் வேணும். கேக்கறது பாவம்னு தெரியுது. ஆனா வேற வழி இல்லை."

போனார். பதிவெல்லாம் வேண்டாம் என்று மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டார். முதல் தெருவில் வேன் நுழைந்தது. "தாய்மார்களே, கிணத்துத் தண்ணியக் காய்ச்சாதீங்க. காய்ச்சினா விஷம் கூடும். பிள்ளைக்கு லாரித் தண்ணி மட்டும்தான்." மூச்சு வாங்க நிறுத்தினார். அவர் நிறுத்திய இடத்தில், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து கத்தி முடித்துவைத்தன.

"காய்ச்சிக் குடிங்க, கவலைய விடுங்க!"

டீக்கடைக்காரர் உள்ளேயிருந்தே கையைத் தூக்கினார். "தெரியும் மைக்செட்டு! நல்லாக் கொதிக்க வச்சுத்தான் போடறேன்!"

"காய்ச்சக் கூடாதுங்கறேன்!"

"ஆமாமா, காய்ச்சாமக் குடிக்கக் கூடாது. எத்தனை வருஷமாச் சொல்ற!"

என்ன செய்வார் மனுஷன்? அந்தக் குரல் கேட்டாலே ஊர் பானையை அடுப்பில் ஏற்றியது. அவர் வேறு எதைச் சொன்னாலும் ஊர்க் காதில் பழைய வரிதான் விழுந்தது. இருபத்திரண்டு வருஷம் அவரேதான் அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

நடுத்தெருவில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, மகள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே இருபத்தைந்து நாள் பிள்ளை. அடுப்பில் குண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அதை இறக்கிடும்மா. பிள்ளைக்கு ஆகாது."

"வாங்கய்யா" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்க மனசைத் தேத்திக்கணும். உங்க பேரனுக்குப் பிறவியிலேயே கோளாறுன்னு சொன்னாங்க. அது யார் கையில இருக்கு? எம்புள்ளைக்கு அப்படி ஒண்ணும் இல்ல. உங்க மக எப்படிக் காய்ச்சினாளோ அப்படியேதான் நானும் காய்ச்சறேன். அவகிட்டப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

மைக்செட்டு அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறவிக் கோளாறு என்று தலையை ஆட்டினாரே ஒரு ஆட்டு, அது இங்கே வந்து இந்தக் குண்டாவுக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. குனிந்து அடுப்பை அணைத்தார். "சாயங்காலம் வரைக்கும் லாரித் தண்ணியே குடும்மா. எனக்காக" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து மகள் வீட்டுக்குப் போனார்.

மகள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். காலர் தைக்கவில்லை. பிள்ளையின் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா. சாப்டீங்களா?"

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாப்டுட்டுச் சொல்லுங்க. சோறு இருக்கு."

"இல்லம்மா. உக்காரு." அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். அவரும் தரையில் உட்கார்ந்தார். "பிள்ளைக்குப் பிறவிக் கோளாறு எதுவும் இல்ல."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தண்ணிதான். அந்த உப்பு. காய்ச்சக் காய்ச்ச அது கூடிருச்சு. காய்ச்சச் சொல்லித் தாள்ல இல்ல. நானா போட்டேன். வாய்ப் பழக்கத்துல போட்டேன். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. நான்தான் உன்கிட்ட மறைச்சேன்."

எதிர்வீட்டுப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"லாரி வராத அன்னிக்கு," என்றாள் மகள் மெதுவாக, "பக்கத்துத் தெரு அக்கா, அவங்க லாரித் தண்ணியில ஒரு சொம்பு தரேன்னாங்கப்பா. நான்தான் வேணாம்னுட்டேன். எங்கப்பா காய்ச்சினாப் போதும்னு சொல்லியிருக்காருன்னேன்."

"அம்மாடி…"

"ஒரு தடவை காய்ச்சியிருந்தாப் பிழைச்சிருப்பானா?"

"தெரியலம்மா."

"ரெண்டு தடவை காய்ச்சினேன். அடுப்பை விட்டு நகரல நான்." அவள் குரல் உடைந்தது. "என் கையாலயே குடுத்தேனேப்பா. குடிக்க மாட்டேன்னு தலையைத் திருப்பினான். தட்டித் தட்டிக் குடுத்தேன்."

அவர் கையை நீட்டினார். அவள் நகர்ந்துகொண்டாள்.

"எதிர்வீட்டுல இப்பவும் காய்ச்சிக்கிட்டு இருக்காம்மா. இன்னும் நாலு பிள்ளைங்க. நான் சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கறான். பழைய பாட்டுன்னு நினைக்கறாங்க. நடந்ததைச் சொன்னாத்தான் கேப்பாங்க. தெருத்தெருவாச் சொல்லணும். அதை மைக்குல கேட்டு நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான்…"

"போங்கப்பா."

"அம்மா."

"போங்க. இப்பப் போயிருங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்தத் தாழ்ப்பாளை மாட்டிக் கொடுத்தவரே அவர்தான்.

வேனில் ஏறினார். முதல் தெருவுக்கே திரும்பி, வண்டியை ஓட்டாமல் முனையில் நிறுத்தச் சொல்லி, மைக்கை எடுத்தார். தாய்மார்களே என்று இழுக்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவது போலப் பேசினார்.

"நான் மைக்செட்டு பேசறேன். என் பேரன் செத்துப்போயிட்டான். அறுபது நாள்கூட ஆகல. பிறவிக் கோளாறுன்னு சொன்னது பொய். இந்தக் கிணத்துத் தண்ணியக் காய்ச்சிப் பாலுக்கு ஊத்தினதால செத்தான். காய்ச்சச் சொன்னது நான். நான் சொன்னது தப்பு. அடுப்புல வத்தினா உப்பு கரிக்கும்ல, அப்படித்தான் இந்த விஷமும். பிள்ளை வச்சிருக்கறவங்க அடுப்பை அணைச்சிருங்க."

வேறு எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் வால் பாட வாயெடுத்தன. ஒரு பெண் ஓடிவந்து தன் பையனின் வாயைப் பொத்தினாள். டீக்கடைக்காரர் வெளியே வந்து, கொதிக்கிற பாத்திரத்தை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார்.

மூன்றாம் தெருவிலும் சொன்னார். அப்புறம் நடுத்தெரு பாக்கி. வேன் உள்ளே திரும்பியதும், மகள் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்.

"இங்க வேணாம்டா. ஒவ்வொரு வீடா நடந்து போய்ச் சொல்லிக்கறேன். இதை அவ காதுல இன்னொரு தடவை போட வேணாம்."

இறங்கினார். அப்போது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மகள் வாசலில் வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. கையில் அந்தக் குண்டா. அன்றைக்குக் காய்ச்சி மூடி வைத்த தண்ணீர், அவன் போன நாளிலிருந்து அப்படியே இருந்தது போல.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"உனக்காகத்தாம்மா…"

"முதல் தெருவுல சொன்னது இங்கயும் கேட்டுச்சு. மூணாவது தெருவுல சொன்னதும் கேட்டுச்சு." அவள் எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே அந்தப் பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "அவ பிள்ளையை இவ்வளவு நேரம் தூங்க வச்சிக்கிட்டு இருந்தா. அவளுக்குக் கேட்டிருக்காது. சொல்லுங்க."

"அம்மாடி, வேணாம்."

"என் வீட்டு வாசல்ல நின்னு சொல்லுங்கப்பா. முழுசாச் சொல்லுங்க. ரெண்டு தடவை காய்ச்சினான்னும் சேத்துச் சொல்லுங்க. என்கிட்டப் பாத்துத்தான அவ கத்துக்கிட்டா."

டிரைவர் மைக்கை ஜன்னல் வழியாக நீட்டினான். மைக்செட்டு அதை வாங்கினார். வாயருகே கொண்டுபோனதும் ஸ்பீக்கர் கீச்சிட்டது. "நான் மைக்செட்டு பேசறேன்" என்று ஆரம்பித்தார். பேரன் என்ற இடத்தில் நின்றார். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல், அவள் சேர்க்கச் சொன்னதையும் சேர்த்து, கடைசிவரை சொன்னார்.

எதிர்வீட்டுப் பெண் பிள்ளையை இறுக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மகள் குண்டாவைச் சாய்த்து, தண்ணீரை வாசல் மண்ணில் ஊற்றினாள். சொட்டு வடியும்வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள். பிறகு அப்பாவைப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. இந்தத் தடவை தாழ்ப்பாள் சத்தம் வருகிறதா என்று அவர் மைக்கைப் பிடித்தபடியே காத்துக்கொண்டு நின்றார். சத்தம் வந்தது.